கழற்றிப் பார்க்காத நாலு ஸ்குரூ

1. முதல் நாள்

டென்மார்க்கில், ஸ்கீவ என்ற ஊரில் நான் வேலை செய்த இரும்புத் தொழிற்சாலையை மூடினார்கள். லேத் மெஷினில் பதினேழு வருடம் நின்றவன் நான். வயது நாற்பத்தாறு. கொம்யூனில், அதாவது ஊர்ச் சபையில், வேலை தேடித் தரும் பெண் ஒரு விலாசம் எழுதித் தந்தார். இரும்பு வேலைதான், ஆள் தேவையாம், நாளைக்கே போ என்றார். என்ன இரும்பு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போய்ப் பார்த்தால் துவக்குக் கடை. முன்னால் கடை, பின்னால் பட்டறை. வேட்டைக்காரருக்குத் துவக்கு விற்கிற, பூட்டுகிற, திருத்துகிற இடம்.

துவக்குக்குப் பயந்து யாழ்ப்பாணத்தில் இருந்து ஓடி வந்தவன் நான். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே இருந்து பெரிய தாடிக்காரர் ஒருவர் வந்தார். அவர்தான் முதலாளி. பெயர் பவுல்.

டேனிஷில் பேசியதை எங்கள் தமிழில் எழுதுகிறேன். டேனிஷில் முதலாளி, தொழிலாளி, கிழவர், குழந்தை எல்லாருக்கும் ஒரே "நீ"தான். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

"லேத்திலை நிண்டனியோ?"

"ஓம்."

"ஒரு மில்லிமீற்றரை நூறாப் பிரிச்சால் ஒரு பங்கு எவ்வளவு எண்டு தெரியுமோ?"

"கையுக்குத் தெரியும்."

"துவக்கு தெரியுமோ?"

"என்னை நோக்கிப் பிடிச்சதுகளைத் தெரியும்."

அவர் ஒரு கோப்பையை எடுத்துத் துடைத்தார். பிறகு சொன்னார்: "இஞ்சை ஒண்டையும் ஆரையும் நோக்கிப் பிடிக்கக் கூடாது. ரவை இல்லாத துவக்கு எண்டாலும் பிடிக்கக் கூடாது. இந்தப் பட்டறையிலை அதுதான் முதல் சட்டம். கோப்பி குடிக்கிறியோ?"

வீட்டில் சொன்னேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இஞ்சருங்கோ, ஊரிலையும் துவக்கு, இஞ்சையும் துவக்கோ? வேறை வேலையே கிடைக்கேல்லை?"

"இது மான் சுடுற துவக்கு."

"மான் என்ன பாவம் செய்தது?"

பொலிஸ் என்னைப் பற்றி விசாரித்து அனுமதி தந்தது. வேலை தொடங்கியது. பூட்டின துவக்கைச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் வேட்டைச் சான்றும், ரைஃபிள் சோதனையும் எடுத்தேன். இன்று வரை கடுதாசியைத்தான் சுட்டிருக்கிறேன். உயிர் ஒன்றையும் சுட்டதில்லை.

2. மலிவானதும் விலைகூடியதும்

கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதுதான்: மலிவானது போதுமா, விலைகூடியது வாங்க வேண்டுமா? எங்கள் கடையில் விலைகூடிய ஒன்றின் காசுக்கு மலிவானதில் ஆறு வாங்கலாம். ஆகவே நியாயமான கேள்வி.

இரண்டும் ஒரே விதமான துவக்கு. போல்ட் என்கிற இரும்புத் தண்டைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, கீழே மடக்கினால் ஒரு ரவை உள்ளே போகும். ஒரு இழுப்பு, ஒரு வெடி.

மலிவானதில் போல்ட்டை இழுத்தால் மணலில் அலவாங்கை இழுக்கிற மாதிரிக் கரகரக்கும். விலைகூடியதில் மெழுகு பூசின மேசை லாச்சி மாதிரி வரும். மலிவானதின் ட்ரிகர் பாரம். விலைகூடியதில் நினைத்தாலே போகும். மலிவானதின் பிடங்கு, தோளில் வைத்துக் குழலைத் தாங்கும் பகுதி, பிளாஸ்டிக். கையால் அமத்தினால் வளைந்து குழலில் முட்டும். முட்டினால் சன்னம் வேறு இடத்துக்குப் போகும். விலைகூடியதின் பிடங்கு நல்ல வால்நட் மரம். குழலுக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு கடுதாசியை விட்டு இழுத்தால் தடங்கலில்லாமல் வரும்.

ஆனால் மரம் மழையில் ஊறினால் உப்பும். பிளாஸ்டிக் உப்பாது. விற்கும்போது அதை யாரும் சொல்வதில்லை.

குழல் வேறு விஷயம். இப்போது குழல் செய்கிற மெஷின்கள் நல்லவை. மலிவான துவக்கை ஒழுங்காகப் பூட்டி, நூறு மீற்றரில் வைத்து மூன்று வெடி வைத்தால் மூன்றும் ஒரு தீப்பெட்டிக்குள் விழும். விலைகூடியதும் அதே தீப்பெட்டிக்குள்தான் போடும்.

"அப்ப மிச்சக் காசு என்னத்துக்கு?" என்று கேட்பார்கள்.

பவுல் சொல்லும் பதில்: "மூண்டாவது வெடிக்கில்லை. முப்பதாவது வெடிக்கு. பத்தாம் வருசத்துக்கு. நவம்பர் மாசத்திலை விறைச்ச விரலுக்கு."

அது சரியான பதில். நான் கண்டதும் அதுதான். அதற்கு மேல் காசு எதையும் வாங்கித் தராது.

ஸ்கோப், அதாவது குறி பார்க்கிற கண்ணாடிக் குழாய், இல்லாமல் இப்போது யாரும் வேட்டைக்குப் போவதில்லை. அது துவக்கின் முதுகில் நேரே உட்காராது. நடுவில் பேஸ் என்ற இரும்புத் தகடு ஒன்று உண்டு. அதை நாலு சின்ன ஸ்குரூ பிடிக்கும். நாலையும் ஒரு விரல் நுனியில் வைக்கலாம். அவ்வளவு சின்னது. அந்த நாலும் ஆடினால் ஸ்கோப் ஆடும். ஸ்கோப் ஆடினால் எவ்வளவு விலை கொடுத்த துவக்கும் குருடு.

பவுலின் இரண்டாவது சட்டம் அந்த நாலைப் பற்றியது. தொழிற்சாலையில் பூட்டி வந்த பேஸ் என்றாலும் கழற்று. ஓட்டையில் உள்ள எண்ணெயைத் துடை. ஸ்குரூவில் பசை ஒரு துளி வை. முறுக்கு அளவு காட்டும் சாவியால் இறுக்கு. பிறகுதான் ஸ்கோப். ஏனென்றால் தொழிற்சாலையில் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெயில் தோய்த்து அனுப்புவார்கள். எண்ணெயில் இறுக்கின ஸ்குரூ அன்றைக்குப் பிடிக்கும். இருபது வெடியிலும் காரின் குலுக்கத்திலும் மெல்ல மெல்ல விடும்.

3. ஒரே கிழமையில் இரண்டு பேர்

நான் சேர்ந்து ஆறாவது வருடம். மார்ச் மாதம். ஒரே கிழமையில் இரண்டு பேர் துவக்கு வாங்கினார்கள்.

ஒருவர் கிர்ஸ்டன். முப்பத்தைந்து வயது இருக்கும். பகலில் பன்றிப் பண்ணையில் வேலை. அவரிடம் மோப்ப நாய் ஒன்று உண்டு. வேட்டையில் காயம்பட்ட மான் ஓடிவிட்டால் நாயோடு போய்த் தேடிப் பிடித்து, உயிர் இருந்தால் முடித்துவிடுவார். அதற்குக் காசு வாங்குவதில்லை. இந்த நாட்டில் மானைக் காயப்படுத்திவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. நாய்க்காரரைக் கூப்பிடத்தான் வேண்டும். சட்டம்.

"இருக்கிறதிலை ஆக மலிவானது எது?" என்று கேட்டார்.

பவுல் நல்லதொன்றை எடுத்து நீட்டினார். "இதின்ரை போல்ட்டை ஒருக்கா இழுத்துப் பார்."

"இழுக்கமாட்டன். இழுத்தால் வாங்கவேண்டி வரும். நான் முள்ளுப் பத்தையுக்குள்ளை முழங்காலிலை போறவள். எனக்கு வடிவான மரம் என்னத்துக்கு?"

மற்றவர் ஹென்னிங். எழுபத்தொரு வயது. பால் மாடு வளர்த்தவர். மாடுகளை எல்லாம் விற்ற பிறகு, தனக்கென்று ஒரு சாமான் வாங்க வந்தார். கடையில் இருந்த ஆக விலைகூடிய துவக்கை எடுத்தார். பேஸ் தொழிற்சாலையிலேயே பூட்டி வந்திருந்தது. பெட்டிக்குள் நீல வெல்வெட். பிடங்கைத் தடவிப் பார்த்தார். பசுவின் முதுகைத் தடவுகிற கை அது.

இரண்டும் என் மேசைக்கு வந்தன.

கிர்ஸ்டனின் துவக்கை நான் நம்பவில்லை. முழுக்கப் பிரித்தேன். பிடங்கின் உட்புறம் குழலில் முட்டிய இடத்தை உரஞ்சி எடுத்தேன். வளையாமல் இருக்க உள்ளே எபொக்சிப் பசை வார்த்தேன். ஓட்டைகளைத் துடைத்தேன். பசை, அளவுச் சாவி, எல்லாம் சட்டப்படி. அரை நாள் போனது.

ஹென்னிங்கின் துவக்கைக் கையைக் கழுவிப்போட்டுத்தான் தொட்டேன். கோயில் சாமான் தொடுகிற மாதிரி. அப்படியொரு இரும்பு. எங்கேயும் ஒரு கீறல் இல்லை. பேஸ் ஸ்குரூவில் சாவியை வைத்துப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. இதைச் செய்தவர்களுக்கு என்னைவிடத் தெரியும், நான் கழற்றினால் கீறல்தான் விழும் என்று நினைத்தேன். கழற்றவில்லை. ஸ்கோப்பைப் பூட்டினேன். சுட்டுப் பார்த்தேன். மூன்றும் தீப்பெட்டிக்குள். முக்கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்தது.

பவுல் கேட்டார்: "எல்லாம் சரியோ?"

"ஓம்" என்றேன்.

பொய் சொல்கிறேன் என்று அப்போது நினைக்கவில்லை.

4. திங்கட்கிழமை

மே மாதம் நடுவில் ஆண்மான் வேட்டை திறக்கும். முதல் நாள் சனிக்கிழமை வந்தது. அன்று விடிகாலையில் இந்தப் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் வயல் ஓரத்தில் இருப்பார்கள். பிறகு கூடி இருந்து பாணும் கோப்பியும் சாப்பிடுவார்கள்.

திங்கள் காலை கடையைத் திறந்ததும் ஹென்னிங் வந்தார். துவக்குப் பையை மேசையில் வைத்தார்.

"இதை வித்துத் தா."

பவுல் சிரித்தார். "ஏன், மான் எல்லாம் முடிஞ்சுதோ?"

ஹென்னிங் சிரிக்கவில்லை. நின்றபடியே சொன்னார். சனி காலை ஐந்து மணிக்கு மான் வந்தது. தொண்ணூறு மீற்றர். பக்கவாட்டில், அசையாமல் நின்றது. தோளுக்குப் பின்னால் வைத்துச் சுட்டார். மான் முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது. போய்ப் பார்த்தால் கறுத்த இரத்தம், தின்ற புல்லும் கலந்து. வயிற்றில் பட்டிருக்கிறது. ஒரு சாண் பின்னுக்கு. கிர்ஸ்டன் நாயோடு வந்தார். பியோர்ட் என்ற கடல் கழிக் கரையின் நாணல் வரைக்கும் போனார்கள். தண்ணீரில் தடம் விட்டுப்போயிற்று. ஞாயிறும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

"அம்பது வருசம் சுட்டிருக்கிறன். ஒண்டையும் இப்பிடி விட்டதில்லை. தொண்ணூறு மீற்றர், பவுல். குழந்தைப்பிள்ளையும் சுடும். கண் போட்டுது, கை போட்டுது. வேறையென்ன? எங்கடை வேட்டைக் கூட்டத்திலையும் சொல்லிப்போட்டன், இனி வரமாட்டன் எண்டு. என்ரை இடத்தை வேறை ஆளுக்குக் குடுக்கச் சொல்லி."

பவுல் சமாதானம் சொல்லப் பார்த்தார். ஹென்னிங் கையைக் காட்டி நிறுத்தினார். "கதைக்காதை. விக்கிற கடுதாசியை எடு."

பழைய துவக்கு விற்பனைக்கு வந்தால் முதலில் சோதிப்பது என் வேலை. துவக்கை உள்ளே கொண்டு போனேன். போல்ட்டைக் கழற்றினேன். ரவை இல்லை. ஸ்கோப்பை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினேன்.

ஆடியது.

கொஞ்சந்தான். காதுக்குக் கேட்காத ஆட்டம். விரலுக்குத் தெரிந்தது. ஸ்கோப்பை எடுத்துவிட்டுப் பேஸைப் பார்த்தேன். முன் இரண்டு ஸ்குரூவும் சாவி தொட்டதும் சுற்றின. ஒன்றை வெளியே எடுத்தேன். எண்ணெய். பசை இல்லை.

பட்டறைக்குள் நான் மட்டுந்தான்.

இதையும் எழுதத்தான் வேண்டும். எடுத்த ஸ்குரூவைத் துடைத்துத் திரும்பப் போட்டு இறுக்கினேன். மற்ற மூன்றையும் இறுக்கினால் முடிந்தது. துவக்கு நன்றாகச் சுடும். வாங்குகிறவர் சந்தோசப்படுவார். கடைக்குப் பெயர் கெடாது. ஸ்கீவ சின்ன இடம். தமிழன் பூட்டின ஸ்கோப் என்ற கதை ஒரு நாளைக்குள் எல்லாப் பண்ணைக்கும் போகும். என் வேலையும் போகலாம். ஐம்பத்திரண்டு வயதில் கொம்யூனுக்குத் திரும்பப் போய் வரிசையில் நிற்க வேண்டும்.

சாவி இரண்டாவது ஸ்குரூவில் இருந்தது. கதவு இடுக்கால் பார்த்தேன். பவுல் கோப்பி வார்த்துக் கொடுத்திருந்தார். விளிம்பு வரை வார்த்திருந்தார், அவர் எப்போதும் அப்படித்தான். ஹென்னிங் அந்தக் கோப்பையைத் தூக்கி, கடையின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக் கதிரை வரைக்கும் நடந்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

கை போய்விட்டது என்று சொன்ன மனிசன்.

சாவியை வைத்தேன். இறுக்கின ஸ்குரூவையும் திரும்ப இளக்கினேன். பவுலைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து பார்த்தார். விரலால் சுற்றினார். விரலை முகர்ந்தார்.

"ஆர் பூட்டினது?"

"நான்."

"கழட்டித் துடைச்சனியோ?"

"இல்லை."

"ஏன்?"

"விலைகூடினது எண்டு."

பவுல் தாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"நான் சொல்லட்டோ, நீ சொல்லுறியோ?" என்றார்.

"நான் சொல்லுறன்."

5. "கிழவனுக்குப் பாவம் பார்க்கிறியோ?"

துவக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போனேன். என் டேனிஷ் நல்லதில்லை. அவசரத்தில் இன்னும் மோசம். ஆகவே ஸ்குரூவை அவர் கையில் வைத்தேன்.

"இது இளகிக் கிடந்தது. எண்ணெய் துடைக்காமல் விட்டது நான். உன்ரை கண்ணுமில்லை, கையுமில்லை. ஸ்கோப் ஆடினது."

ஹென்னிங் ஸ்குரூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பவுலைப் பார்த்தார்.

"நீங்கள் ரெண்டு பேரும் உள்ளை இருந்து கதைச்சுப்போட்டு வாறியள்" என்றார். "கிழவனுக்குப் பாவம் பார்க்கிறியளோ?"

"இல்லை."

"என்ரை பெண்சாதியும் இப்பிடித்தான். வெய்யில் கண்ணிலை அடிச்சிருக்கும் எண்டு சொல்லுறா. வெய்யில் முதுகிலை. எல்லாரும் எனக்கு ஒரு காரணம் தேடித் தாறியள்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏசுவார், காசைத் திரும்பக் கேட்பார், என்னை வேலையை விட்டு அனுப்பச் சொல்வார் என்று நினைத்தேன். நம்பமாட்டார் என்று நினைக்கவில்லை. உண்மையைச் சொல்லியும் வேலைக்காகவில்லை.

"அப்ப சுட்டுப் பார்" என்றேன்.

"இந்த ஆடுற துவக்காலையோ?"

"இல்லை. இதை நான் இண்டைக்கு இறுக்கித் தந்தால், பட்டாலும் நான் ஏதோ தந்திரம் செய்துபோட்டன் எண்டு சொல்லுவாய். வேறை ஒண்டாலை சுடு. பட்டால் கை நல்லம். படாட்டில் நான் சொன்னது பொய்."

பவுல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு நீளமாக நான் டேனிஷில் பேசி அவர் கேட்டதில்லை.

"ஆற்றை துவக்காலை?" என்று கேட்டார் ஹென்னிங்.

"கிர்ஸ்டன்ரை."

"அந்தப் பிளாஸ்டிக்காலையோ?"

"அது நான் முழுக்கப் பிரிச்சுப் பூட்டினது" என்றேன். அதைச் சொல்லும்போது முகம் சுட்டது. அதைச் செய்தவன் இதை ஏன் செய்யவில்லை என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, பயம் வந்தது. எழுபத்தொரு வயது. ஸ்குரூவும் இளகி, கண்ணும் மங்கியிருந்தால்? இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியதுதான்.

6. ஐந்து வெடி

அடுத்த நாள் பின்னேரம் ஹென்னிங்கும் நானும் சுட்டுப் பழகும் திடலுக்குப் போனோம். கிர்ஸ்டன் பண்ணை உடுப்போடு வந்தார். இரண்டு நாள் நாணலுக்குள் நடந்து முகமெல்லாம் கீறல். துவக்கை ஹென்னிங்கிடம் கொடுத்தார்.

ஹென்னிங் பிடங்கை நகத்தால் தட்டினார். "இது துவக்கோ, பால் வாளியோ?"

"பால் வாளி உனக்குப் பழக்கந்தானே" என்றார் கிர்ஸ்டன். "குப்புறப் படு. கதையை விட்டிட்டுச் சுடு."

நூறு மீற்றரில் புதுக் கடுதாசி. ஐந்து ரவை. கிர்ஸ்டன் பெரிய தூரக்கண்ணாடியில் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் பின்னால் நின்றேன்.

முதல் வெடி.

கிர்ஸ்டன் கண்ணாடியைத் திருகித் திரும்பவும் பார்த்தார். பிறகு சொன்னார்: "இடப்பக்கம். ஒரு சாண் வெளியிலை."

ஹென்னிங் துவக்கைக் கீழே வைத்தார். எழும்ப ஒரு முழங்காலை ஊன்றினார். "முடிஞ்சுது" என்றார். "இந்தா, உன்ரை வாளி."

அவர் எழும்பினால் திரும்பப் படுக்கமாட்டார். அது எனக்குத் தெரிந்தது. நான் பார்த்தது அவர் விரலை மட்டுந்தான். வெடி போக முன் விரல் ஒரு தரம் தொட்டு நின்று, பிறகு வெட்டி இழுத்தது. அதைச் சொன்னேன்.

"ட்ரிகர். உன்ரையிலை விரல் பட்டவுடனை போகும். நீ தொட்டாய், போகேல்லை. உடனை இழுத்துப்போட்டாய். இது பாரம். தள்ளிக்கொண்டு போகவேணும். எப்ப வெடிக்கும் எண்டு பார்க்கக் கூடாது."

"எட்டு மாடு கறக்கிற ஆறுதலோடை அமத்து" என்றார் கிர்ஸ்டன். "ஆரும் உன்னைக் கலைக்கேல்லை."

ஹென்னிங் அந்த முழங்காலோடு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு படுத்தார். போல்ட்டை இழுத்தார். கரகரத்தது. ஏதோ முணுமுணுத்தார். நல்ல சொல் இல்லை.

இரண்டாவது வெடி. கிர்ஸ்டன் சொன்னார்: "நடு."

மூன்றாவது. "அதுக்குப் பக்கத்திலை."

நாலாவது. "தொட்டுக்கொண்டு நிக்குது."

ஐந்தாவதுக்கு நேரம் எடுத்தார். வெடித்தது. கிர்ஸ்டன் கண்ணாடியை விட்டு எழும்பி, "நீயே போய்ப் பார்" என்றார்.

நூறு மீற்றர் நடந்தோம். ஹென்னிங் முன்னால். கடுதாசியின் நடுவில் நாலு ஓட்டை. நாலையும் தீப்பெட்டியால் மூடலாம். அவர் பெருவிரலை அதன் மேல் வைத்தார். வைத்தபடி நின்றார். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். கிர்ஸ்டன் நாயைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக் காருக்குப் போனார்.

நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். நான் மன்னிப்புக் கேட்டேன். டேனிஷில் அதற்கு ஒரு சின்னச் சொல்தான் இருக்கிறது. பஸ்ஸில் காலை மிதித்தாலும் அதே சொல்தான்.

ஹென்னிங் கடுதாசியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"மூண்டு நாள் நான் அந்த மானைப் பற்றி யோசிச்சனான்" என்றார். "நாணலுக்குள்ளை எவ்வளவு நேரம் கிடந்திருக்கும் எண்டு. இனி நான் யோசிக்கமாட்டன். நீ யோசி."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பையைத் தோளில் இருந்து இறக்கி என்னிடம் தருகிற மாதிரிச் சொன்னார்.

7. தொலைபேசி

புதன்கிழமை பவுல் பட்டறைப் புத்தகத்தைத் திறந்து வைத்தார்.

"விலைகூடினது வேறை எத்தினை பூட்டினனி?"

ஏழு. ஏழிலும் அப்படியே செய்தாயா என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. சிலதைக் கழற்றின ஞாபகம். சிலது ஞாபகமில்லை.

"எல்லாருக்கும் நீயே எடு" என்றார்.

ஆறு வருட வேலையில் ஆகக் கஷ்டமான நாள் அது. நேரே பேசினால் கையைக் காட்டலாம், சாமானைக் காட்டலாம். தொலைபேசியில் என் டேனிஷ் மட்டுந்தான். ஒவ்வொருவருக்கும் ஒரே வசனம்: "நான் பூட்டினது பிழையா இருக்கலாம். துவக்கைக் கொண்டு வா. அதுவரைக்கும் சுடாதை."

ஒரு பல் டொக்டர் சிரித்தார். "உந்த விலைக்கு வாங்கின சாமானுக்கு ஒண்டும் வராது."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றேன். அடுத்த நாள் கொண்டு வந்தார்.

ஏழில் இரண்டு எண்ணெயோடு இருந்தன. ஒன்று அந்தப் பல் டொக்டருடையது.

பவுல் என்னை வேலையால் நிறுத்தவில்லை. அதைப் பற்றி ஒரு நாளும் பேசவும் இல்லை. ஊரில் கதை போனது. போகும் என்று தெரியும். சிலர் கொஞ்சக் காலம் பவுலையே பூட்டித் தரச் சொன்னார்கள். பவுல் பூட்டினார். நான் குழல்களைத் துடைத்தேன். வருட முடிவில் அதுவும் நின்றது.

ஹென்னிங் துவக்கை விற்கவில்லை. அந்தக் கிழமையே வந்து என் மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். நான் முழுக்கப் பிரித்துப் பூட்டி முடிய மூன்று மணித்தியாலம். கண்ணை எடுக்கவில்லை. வேட்டைக் கூட்டம் அவருடைய இடத்தை இன்னும் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. திரும்பப் போனார். அடுத்த மே மாதம் ஒரு மான் சுட்டார், நின்ற இடத்திலேயே விழுந்தது என்று கிர்ஸ்டன் சொன்னார். ஹென்னிங் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் இல்லை.

நாணலுக்குள் போன மான் கிடைக்கவே இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. எது நல்ல துவக்கு என்று கேட்டால், காசு இருந்தால் விலைகூடியதை வாங்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மலிவானதை வாங்கச் சொல்லுங்கள். மான் விலை கேட்காது. ஆனால் மேசைக்கு வந்த பிறகு இரண்டும் ஒன்றுதான். மலிவான சாமானை நாங்கள் சந்தேகத்தோடு தொடுகிறோம். சந்தேகம் நல்ல வேலை செய்யும். விலைகூடியதை மரியாதையோடு தொடுகிறோம். மரியாதை ஸ்குரூவை இறுக்காது.

மானைப் பற்றி யோசிக்கிறேன். ஹென்னிங் சொன்னதற்காக மட்டும் இல்லை.